கூட்டாளி மேல் வழக்குப் போடுமுன்

திருப்பூரில் ஆடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூட்டு வியாபாரம் உடைந்து நீதிமன்றத்துக்குப் போனால், கணக்கைப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்லி ஆணையர் ஒருவரை நீதிபதி நியமிப்பார். அந்த வேலையும் நிறையச் செய்திருக்கிறேன். "பார்ட்னர் ஏமாத்திப்போட்டானுங்க சார், கேஸ் போடோணும்" என்று வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எண் போட்டு எழுதுகிறேன். உதாரணமெல்லாம் பனியன் தொழிலிலிருந்து வரும். சட்டம் மளிகைக் கடைக்கும் அரிசி ஆலைக்கும் அதுவேதான்.

1. முதலில் தொகையைச் சரியாகப் போடுங்கள். ஆளுக்கு 10 லட்சம் முதல் போட்டு, லாப நஷ்டம் சரிபாதி என்று இருவர் தொழில் தொடங்குகிறார்கள். ஒருவர் 6 லட்சத்தைத் தன் சொந்தச் செலவுக்கு உருவிவிட்டார். மற்றவர் வந்து "எனக்கு ஆறு லட்சம் வரணும்" என்கிறார். வராது. வெளிக் கடனெல்லாம் அடைத்த பிறகு கம்பெனியில் 14 லட்சம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். அவர் எடுத்ததைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஆளுக்கு 7. எடுத்த 6-ஐ அவர் பற்றில் எழுதினால் மொத்தம் 20, ஆளுக்கு 10. அவர் 6 ஏற்கெனவே வாங்கிக்கொண்டதால் அவருக்கு 4 போகும், உங்களுக்கு 10 வரும். ஆக, நீங்கள் நீதிமன்றப் படியேறுவது 3 லட்சத்துக்காக. அவர் எடுத்ததில் பாதி அவர் பணம்தான்.

இதைச் சொன்னால் வந்தவர் முகம் சுருங்கும். ஆனால் கடைசியில் நீதிபதி போடப்போவதும் இதே கணக்குத்தான். 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 48-ஆம் பிரிவில் வரிசையைச் சொல்லியிருக்கிறது: முதலில் வெளியார் கடன், அடுத்து முதலுக்கு மேல் கூட்டாளிகள் கொடுத்த கைமாற்று, அதற்கடுத்து முதல், ஏதாவது மிஞ்சினால் பங்கு. அவர் செய்த மோசடியால் கம்பெனிக்கு வந்த நஷ்டம் தனி. போலி பில்லுக்காக ஜி.எஸ்.டி. அபராதம் விழுந்திருந்தால் அதை அவர்தான் ஏற்க வேண்டும் என்று 10-ஆம் பிரிவைக் காட்டிக் கேட்கலாம். இதையெல்லாம் கூட்டிக் கழித்து வரும் தொகை வக்கீல் செலவுக்கும் அலைச்சலுக்கும் தாங்குமா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாங்காது என்று தெரிந்தால் வீட்டுக்குப் போய்விடுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

2. ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம். மூன்று விஷயங்களைத் தேடுங்கள். கூட்டுக்குக் காலக்கெடு உண்டா? தகராறு வந்தால் நடுவர் என்று எழுதியிருக்கிறதா? வங்கிக் கணக்கில் யார் கையெழுத்து?

அடுத்து, கம்பெனி பதிவாகியிருக்கிறதா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். பத்திரம் ஸ்டாம்ப் பேப்பரில் இருக்கிறது, நோட்டரி முத்திரை இருக்கிறது, பான் கார்டு இருக்கிறது, அதனால் பதிவாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. கூட்டு நிறுவனப் பதிவேட்டில் உங்கள் பெயர் கூட்டாளி என்று ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால், கம்பெனி நடந்துகொண்டிருக்கும்போது ஒப்பந்தப்படியான எந்த உரிமையையும் கேட்டு நீங்கள் கூட்டாளி மேல் வழக்குப் போட முடியாது; 69-ஆம் பிரிவு கதவைச் சாத்திவிடும். சரக்கு வாங்கிய வியாபாரி பாக்கி வைத்தாலும் அதே நிலைதான். பதிவு விண்ணப்பத்தில் எல்லாக் கூட்டாளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். சண்டை வந்த பிறகு அவர் எங்கே போடப்போகிறார்? சட்டம் விட்டு வைத்திருக்கும் ஒரே வழி, கூட்டைக் கலைத்துக் கணக்குத் தீர்க்கக் கேட்கும் வழக்கு. அதற்குப் பதிவு தேவையில்லை.

3. சத்தம் போடாமல் காகிதம் சேருங்கள். இதுதான் வழக்கின் உயிர். சந்தேகம் வந்த அன்றைக்கே "நீ பணத்தை எடுத்திருக்கிறாய்" என்று போனில் கத்தினால், மறுநாள் காலை கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிருக்கும். கம்பெனியின் எந்தக் கணக்குப் புத்தகத்தையும் பார்க்கவும் நகல் எடுக்கவும் ஒவ்வொரு கூட்டாளிக்கும் உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை 12-ஆம் பிரிவு அதைக் கொடுக்கிறது. ஆகவே நீங்கள் செய்வது திருட்டு வேலையல்ல, பகலிலேயே செய்யலாம். டேலி பேக்கப்பைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். கம்பெனிச் சட்டத்தின்கீழ் வரும் நிறுவனங்கள் 2023 ஏப்ரல் முதல், யார் எப்போது எந்த வரியைத் திருத்தினார்கள் என்று தடம் வைக்கும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். கூட்டு நிறுவனத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. போன வருடத்து வவுச்சரை இன்றைக்கு உட்கார்ந்து மாற்றினாலும் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தெரியாது.

எதைப் பார்ப்பது? ஆணையராகப் போகும்போது நான் பார்ப்பதைச் சொல்கிறேன். தையல் கூலி பில்களைத் தேதி வரிசையில் மேசை மேல் பரப்புவேன். ஜனவரியில் பில் எண் 41, 42. பிப்ரவரியில் 43, 44. மார்ச்சில் 45. மூன்று மாதமாக வேறு எந்தக் கம்பெனிக்கும் ஒரு பில்கூடப் போடாத பவர் டேபிள், அதாவது கூலிக்குத் தைத்துத் தரும் யூனிட், எது? அந்தப் பில் புத்தகமே நம் கம்பெனிக்காக அச்சடித்ததாக இருக்கலாம். அடுத்து கட்டிங் நோட்டு. வெட்டிய பீஸ் எத்தனை, தைக்கப் போனதாக டெலிவரி சலானில் எழுதியது எத்தனை, பெட்டியில் போனது எத்தனை? வெட்டாத பீஸுக்குத் தையல் கூலி கொடுத்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வார். பிறகு சனிக்கிழமைப் பட்டுவாடாச் சீட்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போன பாதி ஆட்கள் இன்னும் திரும்பாத வாரத்திலும் அதே 38 பேர் முழுச் சம்பளம் வாங்கியிருப்பார்கள், எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில். கடைசியாகக் கட்டிங் வேஸ்ட். கிலோக் கணக்கில் ரொக்கத்துக்குப் போகும் சரக்கு அது. புத்தகத்தில் அது வரவாக ஏறவே இல்லை என்றால் அந்தப் பணம் யாரோ ஒருவர் சட்டைப் பையில் ஏறியிருக்கிறது. பெரிய தொகையை யாரும் ஒரே காசோலையில் எடுப்பதில்லை. இப்படித்தான் போகும்.

பணமாக எடுத்தால்தான் முறைகேடு என்றும் நினைக்காதீர்கள். மைத்துனர் பெயரில் பக்கத்துத் தெருவில் இன்னொரு யூனிட் போட்டு, நம் பையரின் ஆர்டரை அங்கே திருப்பியிருந்தால், அந்தப் போட்டித் தொழிலில் அவர் சம்பாதித்த லாபத்தைக் கம்பெனிக்குக் கணக்குக் காட்டிக் கட்ட வேண்டும் என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்தில் அதற்கு அனுமதி கொடுத்து எழுதியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் அவர் "கொஞ்சம் எடுத்திருக்கேன், அடுத்த மாசம் போட்டுடறேன்" என்று எழுதியிருந்தால் அது தங்கம். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பிப் போனை மாற்றிவிடாதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும். அதில் அந்தக் கருவிக்குப் பொறுப்பானவரும் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். மூலச் செய்தி இருக்கும் போன் கையில் இருந்தால் வேலை சுலபம்.

4. பில் இல்லாத வியாபாரம் நடந்திருந்தால், அதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். துண்டுச் சீட்டில் விற்று, ரொக்கத்தை இருவருமாகப் பிரித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்திருக்கும். இப்போது அந்த ரொக்கத்தில் அவர் அதிகம் எடுத்துக்கொண்டார் என்பது உங்கள் வழக்கு. அதை நிரூபிக்க நீங்கள் நீட்டும் நோட்டுப் புத்தகம்தான் வருமான வரிக்காரருக்கும் ஜி.எஸ்.டி.காரருக்கும் சாட்சி. வரிப் பாக்கி வந்தால் அது கம்பெனியின் கடன். இருவர் தலையிலும் விழும். எதிர்த் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் தொடும் இடம் இதுவாகத்தான் இருக்கும். என் யோசனை, புத்தகத்தில் ஏறிய பணத்துக்கு மட்டும் வழக்குப் போடுங்கள். ஏறாத பணத்தை இருவரும் சேர்ந்தே தொலைத்தாகிவிட்டது.

5. ஓட்டையை அடையுங்கள், ஆனால் கம்பெனியைக் கொல்லாதீர்கள். கணக்கில் தகராறு என்று ஒரு கூட்டாளி எழுத்தில் கொடுத்தால், வங்கிகள் பொதுவாக எல்லார் கையெழுத்தும் இல்லாமல் பணம் விடுவதில்லை. சிலர் அவசரப்பட்டு "கணக்கை முடக்குங்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். சனிக்கிழமை பட்டுவாடா நிற்கும், நூல் கடைக்குக் கொடுத்த செக் திரும்பும், ஓ.டி. வரம்பைக் குறைக்க வங்கிக்கும் காரணம் கிடைத்துவிடும். "இனி இருவர் கையெழுத்தும் சேர்ந்தால்தான் பணம்" என்று எழுதிக் கொடுங்கள். அதே நாளில் பெரிய பையர்களிடம் பேசி, பாக்கியைக் கம்பெனிக் கணக்குக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனிக்காக என்று சொல்லித் தன் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கும் அதிகாரம் ஒரு கூட்டாளிக்குத் தானாக வந்துவிடாது. 19-ஆம் பிரிவு அதைத் தெளிவாக விலக்கியிருக்கிறது. அப்படி ஒரு கணக்கில் பணம் போயிருந்தால் உங்கள் வழக்குக்குப் பாதி பலம் அங்கேயே கிடைத்துவிட்டது.

6. நீங்களும் எடுக்காதீர்கள். "அவன் ஆறு எடுத்தான், நான் ரெண்டு எடுத்தா தப்பா?" தப்புத்தான். இரவோடு இரவாகக் குடோன் சரக்கை ஏற்றிப் போவது, அவர் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டுப் போடுவது, இரண்டும் வேண்டாம். இரண்டு பூட்டுத் தொங்கும் ஷட்டருக்குள் சீசன் சரக்கு கிடந்து, அடுத்த வருடம் கிலோ விலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். சரக்குக்கு ஆபத்து என்றால் ரிசீவர் நியமிக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

7. வக்கீல் நோட்டீஸில் ஒரு வாக்கியத்தை மட்டும் மிக யோசித்து எழுதச் சொல்லுங்கள். காலக்கெடு எழுதாத கூட்டு, இஷ்டமுள்ளவரை நடக்கும் கூட்டு. அதை எந்தக் கூட்டாளியும் எழுத்து மூலம் மற்ற எல்லோருக்கும் அறிவித்துக் கலைத்துவிடலாம், நீதிமன்றம்கூட வேண்டாம். கோபத்தில் "கூட்டு முடிந்தது" என்று எழுதி அனுப்பினால், அது அவர் கைக்குப் போன தேதியில் கம்பெனி கலைந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர், வங்கிக் கடன், ஜி.எஸ்.டி. பதிவு எல்லாம் அந்தரத்தில் நிற்கும். அன்றிலிருந்து 3 ஆண்டு என்ற கடிகாரமும் ஓடத் தொடங்கும். கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்டு வழக்குப் போடக் காலவரையறைச் சட்டம் தரும் கெடு அவ்வளவுதான். மோசடியை மறைத்திருந்தால் அது தெரியவந்த நாளிலிருந்து கெடு ஓடும் என்று வாதாட இடமுண்டு. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

முதல் நோட்டீஸ் கணக்குக் கேட்டு மட்டும் போகட்டும். இன்ன தேதிக்குள், இன்ன இன்ன புத்தகம் என்று பட்டியல் போட்டுக் கேளுங்கள். பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி அத்தாட்சிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

8. நடுவர் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் நடுவரிடம் போங்கள். "மோசடி நடந்திருக்கிறது, அதனால் நேராக நீதிமன்றம்" என்று சில வக்கீல்கள் சொல்வார்கள். திருநெல்வேலியில் சகோதரர்கள் கூட்டாக நடத்திய ஓர் ஓட்டலில், பொறுப்பில் இருந்தவர் கணக்குக் காட்டவில்லை, தன் மகன் பெயருக்குக் காசோலை கொடுத்தார் என்று மற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு இருந்தது. கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மோசடி வழக்கு நடுவருக்குப் போகாது என்றன. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: கூட்டாளிகளுக்குள் கணக்குப் பார்த்தால் தெரிந்துவிடும் சாதாரண மோசடிப் புகார் நடுவருக்கே போகும், ஒப்பந்தத்தையே கெடுக்கிற, பொதுமக்களையும் பாதிக்கிற அளவுக்குக் கடுமையானதுதான் நீதிமன்றத்துக்கு. உள்ளூர் ஓட்டல் கணக்கு ஒன்று டெல்லி வரை போய், கடைசியில் ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதியிருந்த இடத்துக்குத் திரும்பிவந்தது.

அதற்குள் பணம் கரைந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 9-ஆம் பிரிவில், நடுவர் வருமுன்பே நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். கிடைத்தால் 90 நாளுக்குள் நடுவர் நடவடிக்கையைத் தொடங்கிவிட வேண்டும்.

9. போலீஸ் ஸ்டேஷனைக் கடைசியில் வையுங்கள். இதில் என்னோடு சண்டை போடாத இளைஞரே இல்லை. "சார், ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டா பணம் தானா வரும்." அப்படி வந்ததும் உண்டு, வழக்கு அங்கேயே செத்ததும் உண்டு. கூட்டுப் பணத்தைக் கையாளும் கூட்டாளி அதைத் தன் உரிமையில் கையாளுகிறார், தனி ஒப்படைப்பு ஒன்று இருந்தாலொழிய அது நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகாது என்று 1965-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே "கல்லாவில் இருந்து எடுத்தான்" என்ற புகார் பெரும்பாலும் "சிவில் தகராறு" என்று முடித்துவைக்கப்படும். முடித்துவைத்த அந்த உத்தரவை உங்களுக்கு எதிராகவே அவர் சிவில் நீதிமன்றத்தில் காட்டுவார்.

உங்கள் கையெழுத்தைப் போட்டுக் கடன் வாங்கியிருக்கிறார், பொய்ப் பத்திரம் தயாரித்திருக்கிறார், தொழிலே தொடங்கும் எண்ணம் இல்லாமல் ஆசை காட்டி முதல் வாங்கியிருக்கிறார் என்றால் கதை வேறு. அப்போது தாராளமாகப் போங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா. நம்பிக்கை மோசடிக்கு 316-ஆம் பிரிவு, ஏமாற்றுதலுக்கு 318. அதற்கு முந்தியது என்றால் பழைய தண்டனைச் சட்டம்தான். புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். இரவு பத்து மணிக்கு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து எழுதி வாங்கும் பத்திரத்தை நம்பாதீர்கள். மிரட்டி வாங்கினார்கள் என்று மறுநாளே அவர் சொல்லலாம், பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

10. வழக்கு எங்கே, எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். கூட்டு ஒப்பந்தத் தகராறு வணிக வழக்கு. மதிப்பு 3 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வணிக நீதிமன்றம். 2018-க்கு முன் அந்த வரம்பு ஒரு கோடியாக இருந்தது. அவசரத் தடையாணை கேட்காத வழக்கு என்றால், தாக்கல் செய்யுமுன் சமரசப் பேச்சுக்குப் போயே ஆக வேண்டும். போகாமல் போட்ட வழக்குத் தள்ளுபடி ஆகும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் 3 மாதம், இருவரும் சம்மதித்தால் இன்னும் 2 மாதம். அந்த நாட்கள் காலக்கெடுவில் சேராது. அதை வெறும் சடங்காக நினைத்துப் போகாதீர்கள். இரு தரப்பும் கணக்குப் புத்தகத்தோடு ஒரே மேசையில் உட்காரும் சந்தர்ப்பம் அதற்குப் பிறகு கிடைப்பது அரிது.

கட்டணம், உங்கள் பங்கு இவ்வளவு வரும் என்று நீங்கள் மதிப்பிடும் தொகைக்கு. தமிழ்நாட்டில் 2017-இல் அது ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. முன்னே சொன்ன 10 லட்சம் பங்குக்கு 30,000 ரூபாய். முதலில் ஒரு முதல்நிலைத் தீர்ப்பாணை வரும்: யாருக்கு எத்தனை பங்கு, கூட்டு எந்தத் தேதியில் கலைந்தது, கணக்குப் பாருங்கள் என்று. அப்போதுதான் என்னைப் போன்ற ஆணையர் வருவார். அவர் அறிக்கைக்கு ஆட்சேபம், பதில் ஆட்சேபம், அதன் பிறகு இறுதித் தீர்ப்பாணை. வருடக் கணக்கில் போகும். நீங்கள் கட்டுக் கட்டாகக் கொண்டுவரும் காகிதம் தேதிவாரியாக இருந்தால் ஆணையர் வேலை சீக்கிரம் முடியும். மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருபவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான். கூட்டு நிறுவனமாக இல்லாமல் பிரைவேட் லிமிடெட்டாக நடத்துபவர்களுக்குச் சட்டமும் மன்றமும் வேறு. அவர்கள் கம்பெனிச் சட்ட வக்கீலைப் பாருங்கள்.

11. சமாதானம் பேச வந்தால் உட்காருங்கள். சங்கத்துப் பெரியவர்கள் நடுவில் இருந்தாலும், இருவர் வக்கீலும் பார்த்த பிறகே கையெழுத்து. தவணைக்குச் செக் கொடுத்தால், தேதி வந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பினால், திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அவர் வாங்கிய நாளிலிருந்து 15 நாள் பொறுத்து, அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். சொந்தக்காரன்தானே என்று பொறுத்து ஒரு நாள் தவறவிட்டாலும், தாமதத்துக்குக் காரணம் சொல்லி நீதிபதியிடம் நிற்க வேண்டிவரும்.

12. பிரிந்த பிறகு அறிவிப்புக் கொடுங்கள். பணம் கைக்கு வந்த சந்தோஷத்தில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். வரிக்காக மனைவியைப் பெயரளவில் கூட்டாளி ஆக்கியிருந்தால் அவர் பெயருக்கும் சேர்த்துக் கொடுங்கள். தொழில் பக்கமே எட்டிப் பார்க்காதவர் என்றாலும், கூட்டாளியாகத் தெரிந்தவர் என்றால் கடன்காரன் அவர் வீட்டுக் கதவையும் தட்டலாம். பதிவான கம்பெனி என்றால் பதிவாளருக்கு ஒன்று, அரசிதழில் ஒன்று, கம்பெனி இருக்கும் மாவட்டத்தில் ஓடும் தமிழ் நாளிதழில் ஒன்று. அந்த அறிவிப்பு வரும் நாள் வரை, கம்பெனி பெயரைச் சொல்லி அவர் வாங்கும் நூலுக்கும் கடனுக்கும் நீங்களும் பொறுப்பு.